நாஷுவாவில் இருக்கும் அந்தக் கிட்டார்

அன்புள்ள நித்யாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். மழை விட்டபிறகு அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லும்போது பாதி விட்டுப்போகும், நீயும் வேலைக்கு நடுவில் “சரிப்பா, சரிப்பா” என்று கேட்டுக்கொள்வாய். இந்த விஷயத்தில் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. இதை நீ அங்கே எடுத்துப் போய், கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் நீ இருக்கும் லோவெல்லிலிருந்து நாஷுவா உனக்கு அரை மணி நேரத் தொலைவுதான். அங்கே ஒரு பெரியவர் தன்னுடைய பார்க்கர் ஃப்ளை கிட்டாரை விற்கிறார். 1990களின் நடுவில் செய்யப்பட்ட டீலக்ஸ் மாடல். படங்கள் அனுப்பியிருக்கிறார், நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதிலும் எழுதினார். நல்ல மனிதராகத் தெரிகிறது. எனக்கு அந்தக் கிட்டார் வேண்டும் நித்யா. நீ போய்ப் பார்த்து, சரியாக இருந்தால் வாங்கவேண்டும். பணம் என்னிடம் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இந்த வயதில் இவருக்கு இது எதற்கு என்று நீ கேட்கமாட்டாய். ஆனால் வீட்டில் ஒரு கிட்டார் இருக்கும்போது, அதுவும் யாரும் இப்போது செய்யாத ஒன்றைத் தேடிப் போவது ஏன் என்று நினைப்பாய். அதற்கு முறையாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இந்தக் கிட்டாரை நான் முதலில் பார்த்தது அச்சில். தொலைபேசித் துறையில் வேலை, மாலையில் மெல்லிசைக் குழு என்று ஓடிக்கொண்டிருந்த காலம். குழுவின் கீபோர்டுக்காரர் ஒரு வெளிநாட்டு இசைப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். அதில் முழுப் பக்கத்துக்கு அதன் படம். விளிம்பில் கத்திபோல் மெலிந்துபோகும் உடல், எலும்பு மட்டும் வைத்து மிச்சத்தைச் செதுக்கி எறிந்ததுபோன்ற தலைப்பகுதி. மற்றவர்கள் பார்த்துவிட்டு அழகாயில்லை என்றார்கள். எனக்கு அன்றே அது அழகாகத்தான் தெரிந்தது, இன்றும் அப்படித்தான். தேவையில்லாதது எதுவுமே அதில் இல்லை.

அப்போது வாங்குவதைப் பற்றி நினைக்கக்கூட வழியில்லை. விலை அப்படி. நீயும் பள்ளியில் சேரும் வயது. அது மனத்தின் ஓரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

போன மார்கழியில் ஒரு நண்பரின் மகன் சிங்கப்பூரிலிருந்து கச்சேரி கேட்க வந்திருந்தான். கையில் ஒரு ஃப்ளை. நம் வீட்டுக்கு வந்தபோது பையைத் திறந்து என் மடியில் வைத்தான். எவ்வளவு எடை இருக்கும் என்று என் கை முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டிருந்தது போலிருக்கிறது. தூக்கிய வேகத்தில் கிட்டார் மார்புவரை வந்துவிட்டது. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான் அதன் எடை. நான் வைத்திருப்பது நான்கு கிலோவை ஒட்டி வரும். வார்ப்பட்டை இத்தனை வருடம் அழுத்திய இடது தோளில் என்ன பாடு என்பது உனக்குத் தெரியும். பிசியோதெரபி செய்கிறவர், நின்றுகொண்டு வாசிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சாயங்காலம் நான் நின்றுகொண்டே வாசித்தேன். அம்மா சமையலறையிலிருந்து இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். காபி ஆறிப்போனதை யாரும் எனக்கு நினைவுபடுத்தவில்லை.

எடை குறைந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் நீ போய் எதைப் பார்க்கவேண்டும் என்பது புரியும்.

இப்போது உலகம் முழுவதும் வாசிக்கப்படும் எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை மூன்று வடிவங்களின் பிள்ளைகள். ஃபெண்டரின் டெலிகாஸ்டர் 1950, 51இல் வந்தது. கிப்சனின் லெஸ் பால் 1952. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954. கனத்த மரப்பலகை, அதில் பொருத்திய கழுத்து, கம்பிக்கு அடியில், அதன் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பிக்கப். நல்ல வடிவங்கள்தான், குறை சொல்ல நான் யார். ஆனால் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளில் விமானம் மாறியது, டென்னிஸ் மட்டை மாறியது, தூண்டில் கழிகூட மாறியது. கிட்டார் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கென் பார்க்கர் என்பவர் கிட்டார் செய்வதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டிருந்தவர். ஐரோப்பாவில் பழைய காலத்து லூட் என்ற தந்தி வாத்தியம் செய்தவர்கள், எடை குறைந்த மென்மரத்தின்மேல் கருங்காலி போன்ற கடின மரத்தை மெல்லிசாகப் போர்த்திக் கழுத்தைச் செய்வது வழக்கம். உள்ளே லேசு, வெளியே உறுதி. பார்க்கர் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். கருங்காலிக்குப் பதில் கார்பன் இழையும் கண்ணாடி இழையும் எபாக்ஸிப் பசையில் தோய்த்த மெல்லிய தோல். உடலின் பின்புறமும் கழுத்தும் அந்தத் தோலுக்குள் இருக்கின்றன. டீலக்ஸில் உள்ளே இருக்கும் உடல் பாப்லர் மரம், கழுத்து பாஸ்வுட். இரண்டுமே மென்மையான மரங்கள். அவற்றைத் தனியாக எடுத்தால் இவ்வளவு மெல்லிய கிட்டாருக்குப் போதாது என்பார்கள். ஆனால் அந்தத் தோல் போர்த்தியதும் சாதாரணக் கிட்டார் கழுத்தைவிட விறைப்பாகிவிடுகின்றன. கழுத்து விறைப்பாக இருந்தால் கம்பியின் அதிர்வை அது குறைவாகவே விழுங்கும். அதனால்தான் மின்சாரம் இணைக்காமலே மீட்டினாலும் அந்த வாத்தியம் மடியில் அதிர்கிறது. இதை நான் உடம்பில் உணர்ந்தேன்.

அவரோடு சேர்ந்தவர் லாரி ஃபிஷ்மன். வாத்தியங்களுக்கான பீசோ பிக்கப்பில் பெரிய கை. இருவரும் சேர்ந்து 1993இல் ஃப்ளையை வெளியிட்டார்கள். செய்த இடம் எது தெரியுமா? மாசசூசெட்ஸில் உள்ள வில்மிங்டன். உன் வீட்டிலிருந்து பாஸ்டன் போகும் வழியில்தான் இருக்கிறது. நீ எத்தனையோ தடவை அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போயிருப்பாய். நீ குடியேறிய ஊருக்குப் பக்கத்தில்தான் அது என்று தெரிந்தபோதே எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், இப்போதுதான் சொல்கிறேன்.

பீசோ என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பிக்கப், இரும்புக் கம்பி காந்தப் புலத்தில் அசைவதை மின்சாரமாக்கும். பீசோ வேறு. அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் தரும் படிகம். அம்மா மேடையில் வாசிக்கும்போது வீணையின் உடம்பில் ஒட்டுவார்களே காண்டாக்ட் மைக், பெரும்பாலும் அதே தத்துவம்தான். ஃப்ளையில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் குதிரைக்குள் ஒரு பீசோ இருக்கிறது. ஆறு கம்பிக்கு ஆறு. காந்தப் பிக்கப்பில் எலெக்ட்ரிக் கிட்டார் நாதம், பீசோவில் மரக் கிட்டாரை ஒத்த நாதம். இரண்டையும் வேண்டிய அளவில் கலக்கலாம். ஸ்டீரியோ கேபிள் போட்டால் இரண்டும் தனித்தனியாக வெளியே வரும், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பலாம். மெல்லிசை மேடையில் ஒரே பாட்டுக்குள் இரண்டு கிட்டாரை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு திண்டாடியவன் நான். என்னைப் போன்றவனுக்காக யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஆனால் என்னை முழுதாகக் கட்டிப்போட்டது இவை எதுவும் இல்லை. ஃப்ரெட்தான்.

அம்மாவின் வீணையில் 24 மெட்டு. ஃப்ளையிலும் 24 ஃப்ரெட். ஒரு கம்பிக்கு இரண்டு ஸ்தாயி முழுதாகக் கிடைக்கிறது. என் கிட்டாரில் 21தான். மேல் ஷட்ஜத்துக்குப் போனால் தரை தட்டிவிடும். அதைவிட முக்கியம், ஃப்ளையின் ஃப்ரெட்டுகள் கடினப்படுத்திய துருப்பிடிக்காத எஃகு. சாதாரணமாகக் கிட்டாரில் போடுவது நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகம். செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்தது, பெயரில் உள்ள வெள்ளி அதில் கிடையாது. கொஞ்சம் மென்மையானது. கம்பியை அழுத்தி மீட்டுகிறவர்களுக்கு அது பல வருடம் தாங்கும். நம் சங்கீதத்தை வாசிக்கிறவனுக்குத் தாங்காது. தோடி காந்தாரத்தை நினைத்துப் பார். அந்த ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. வீணையில் செய்வதுபோல் கம்பியை ஃப்ரெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்து, விட்டு, இழுத்து அசைக்கவேண்டும். இழுக்க இழுக்க நிக்கல் சில்வரில் பள்ளம் விழும். பள்ளத்தில் கம்பி சிக்கினால் கமகம் வழுக்காது, தட்டித் தட்டிப் போகும். என் கிட்டாரின் ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்டுகளில் நகம் வைத்தால் அந்தப் பள்ளம் தெரியும். அராவிச் சமன் செய்து சமன் செய்து இனி அராவ அதில் ஒன்றுமில்லை.

ஃப்ளையில் தோடியைத் தொட்டேன். கம்பி எண்ணெயில் போவதுபோல் போனது. காந்தாரத்தை மத்தியமத்தின் ஓரம்வரை தள்ளிவிட்டு இறக்கினேன். வழியில் எங்குமே உரசல் இல்லை. அந்த இடத்தில்தான் அம்மா இரண்டாவது முறை வந்து நின்றாள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் செய்துகாட்டியதையும், ஆர். பிரசன்னா கிட்டாரிலேயே செய்துவருவதையும் நான் ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வித்தைக்குப் பக்கத்தில் நான் போகமுடியாது. ஆனால் என் விரலுக்கு எட்டும் கமகம் இத்தனை காலம் எதில் தடுக்கிக்கொண்டிருந்தது என்று அன்று தெரிந்துவிட்டது.

இன்னொன்று, நம் ஊர். திருவான்மியூரில் கடற்காற்று கம்பியை என்ன செய்யும் என்பதை நீ பார்த்து வளர்ந்தவள். மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்துக் கழுத்து வளையும், கோடையில் வேறு பக்கம் போகும். ஒவ்வொரு பருவத்துக்கும் கழுத்துக்குள் இருக்கும் கம்பியை முடுக்கிக்கொண்டே இருப்பேன். ஃப்ளையிலும் அந்தக் கம்பி இருக்கிறது. ஆனால் கார்பன் தோலுக்குள் இருக்கும் கழுத்து மிகக் குறைவாகவே அசையும். விரல் படும் பலகையும் மரமில்லை, அதே கார்பன், கண்ணாடி இழைதான். மாசசூசெட்ஸின் குளிருக்கு நடுவே செய்தார்கள் என்றாலும் இந்தக் கடற்கரைக்கென்றே செய்ததுபோல் எனக்குப் படுகிறது.

இவ்வளவு நல்ல வாத்தியம் ஏன் நின்றுபோனது என்று கேட்பாய். 2004இல் அந்த நிறுவனத்தை இல்லினாயிலுள்ள யு.எஸ். மியூசிக் கார்ப்பரேஷன் வாங்கியது. கென் பார்க்கர் விலகி, பழைய மரபில், மேற்பலகை வளைவாக இருக்கும் ஆர்ச்டாப் கிட்டார்களைத் தன் கையால் ஒவ்வொன்றாகச் செய்யப் போய்விட்டார். புதிய உரிமையாளர்கள் கொஞ்ச காலம் நடத்தினார்கள். 2016இல் உற்பத்தி நின்றது. செய்வதற்குக் கைவேலை அதிகம், அதனால் விலை அதிகம். அதுவும் காரணம்தான். ஆனால் கிட்டார் வாசிக்கிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. மேடையில் புரட்சி பேசுகிறவர்கள் கையில் 1954இன் வடிவம்தான் வேண்டும் என்றார்கள். ஃப்ளை வந்த அதே 1990களில், அடகுக்கடையில் கிடந்த பழைய கிட்டார்களுக்கு இளைஞர்களிடையே மவுசு ஏறிக்கொண்டிருந்தது. புதியதாக ஒன்றைச் செய்து காட்டியவருக்கு அது நேரமில்லாமல் போய்விட்டது. அட்ரியன் பெலூ போன்ற சிலர் அதைக் கொண்டாடி வாசித்தார்கள்.

ஜோனி மிட்செலும் வாசித்தார். இவரைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். கனடாவில் பிறந்த பாடகி. ஒன்பது வயதில் போலியோ தாக்கி இடது கை பலவீனமாகிவிட்டது. வழக்கமான ஸ்வரக் கட்டுகளைப் பிடிக்க விரல் ஒத்துழைக்காததால், கம்பிகளின் சுருதியையே தனக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார். அவர் பாட்டுகளின் தனி நாதம் அங்கிருந்து பிறந்தது. 1990களின் பிற்பகுதியில் அவர் மேடையில் எடுத்துக்கொண்டது பார்க்கர் ஃப்ளையை. உடம்பு ஒத்துழைக்காத ஒருவர் மேடையை விடாமல் இருக்க இது கைகொடுத்திருக்கிறது. என் தோளுக்கும் கொடுக்கும்.

சரி, நீ அங்கே போய்ச் செய்யவேண்டியதற்கு வருகிறேன். செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டதால், உடைந்தால் உதிரி பாகத்துக்கு அலையவேண்டும். வேறு கம்பெனியின் பிக்கப்பைக்கூட இதில் நேராகப் பொருத்தமுடியாது, அளவும் பொருத்தும் முறையும் தனி. அதனால் நன்றாகப் பார்த்து வாங்கவேண்டும்.

முதலில் ஃப்ரெட். சாதாரணக் கிட்டாரில் ஃப்ரெட்டுக்கு அடியில் ஒரு பல் இருக்கும், அதைப் பலகையில் வெட்டிய பள்ளத்தில் அடித்து இறக்குவார்கள். ஃப்ளையில் பல் கிடையாது. மேலே வைத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உனக்கு இது புதிதில்லை. வீணையிலும் மெட்டுகளைத் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகின்மேல்தான் பதிக்கிறார்கள். நம் வீணைக்கு மேளம் கட்ட வந்த தஞ்சாவூர்ப் பெரியவர் மெழுகைச் சூடாக்கி, மெட்டை வைத்து, காதைக் கிட்டே கொண்டுபோய்ச் சுருதி பார்த்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி பார்த்ததை நீ பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தாய். மெழுகு இளகினால் மறுபடி வைக்கலாம். இங்கே பசை விட்டால் அப்படிச் சுலபமில்லை, தெரிந்தவர் செய்யவேண்டும். எனவே ஒவ்வொரு ஃப்ரெட்டின் இரண்டு முனையிலும் நகத்தை வைத்துப் பார். மெல்லிய காகிதத்தின் விளிம்பு அடியில் நுழைகிறதா என்றும் பார். நுழைந்தால் அந்த ஃப்ரெட்டின் எண்ணைக் குறித்துக்கொள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி மீட்டிக் கேள். இரைச்சல் வந்தால் உன் காதுக்குத் தப்பாது. அவசரப்படாதே. அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டார், முன்பே எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது, மின் பகுதி. உள்ளே சாதாரண ஒயர் இல்லை. ரிப்பன்போல் தட்டையான நெகிழ் சர்க்யூட் ஓடுகிறது. பழைய ஃப்ளைகளில் நோய் வருவது பெரும்பாலும் அங்கேதான். வயதானதும் விரிசல் விட்டுத் தொடர்பு போகும். கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, காந்தப் பிக்கப் மட்டும், பீசோ மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று விதத்திலும் கேள். திருகுகளை மெதுவாக முழுச்சுற்றும் திருப்பு. சத்தம் விட்டுவிட்டு வந்தாலோ, ஒரு பக்கம் சாய்த்தால் நின்றுபோனாலோ அந்தத் தட்டைக் கேபிள்தான். அதற்காக வேண்டாம் என்று வந்துவிடாதே. எங்கள் துறையில் நான் தொட்ட இணைப்புகளுக்குக் கணக்கில்லை. வேறு வழியில்லாமல் போனால் சாதாரண ஒயரைப் போட்டாவது பேசவைத்துவிடுவேன். விலையில் குறைத்துக்கொள்ளச் சொல். பீசோ ஒவ்வொரு கம்பிக்கும் ஒரே அளவில் பேசுகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு கம்பி மட்டும் அடங்கி ஒலித்தால் அந்தக் குதிரையின் படிகம் போயிருக்கலாம். அதை என்னால் செய்யமுடியாது.

மூன்றாவது, பிரிட்ஜ், அதாவது உடலின்மேல் குதிரைகளைத் தாங்கும் பகுதி. கம்பிகளின் இழுவையைச் சமன் செய்ய மற்ற கிட்டார்களில் சுருள் ஸ்பிரிங்குகள் இருக்கும். இதில் ஒரே ஒரு தட்டை எஃகுத் தகடு. கம்பியின் பருமனுக்கு ஏற்ற தகடு போடவேண்டும், பின்னால் ஒரு சிறு சக்கரத்தால் சமன் செய்யலாம். அந்தச் சக்கரம் தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார். அவரிடம் உதிரித் தகடு இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்கிவிடு. சுருதியை ஏற்றி இறக்க பிரிட்ஜை ஆட்டும் கைப்பிடியும் இருக்கவேண்டும். இவை இரண்டும் இல்லாவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும் பாடு.

கடைசியாக, தோல். கழுத்தின் பின்பக்கத்தை விரலால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார். தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் செல்போன் விளக்கைச் சாய்வாக அடித்துப் பார். பெயின்டில் மயிரிழைக் கோடு இருந்தால் கவலையில்லை, நகம் மாட்டும் அளவுக்கு விரிசல் இருந்தால் வேண்டாம். இந்த ஒன்றுக்கு மட்டும் நீ நேராக “நன்றி” சொல்லி எழுந்து வந்துவிடலாம். பெயின்ட் கீறல், உரசல், ஓரத்தில் உதிர்ந்தது இதெல்லாம் இருக்கட்டும். ஒருவர் வாசித்த வாத்தியம்.

பணம் பற்றி. ஓய்வூதியப் பணத்தில் கை வைக்கவில்லை. குழுவில் வாசித்த காலத்திலிருந்து ஒரு தனிக் கணக்கு வைத்திருந்தேன். அதில் வாத்தியத்துக்கென்று சேர்த்ததை வேறு எதற்கும் எடுத்ததில்லை, உன் கல்யாணத்துக்குக்கூட. அம்மாவுக்கு இது தெரியும். அவள்தான் “இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்” என்று கேட்டாள். நீ உன் கையிலிருந்து போடக் கூடாது. அன்பளிப்பு என்று சொல்லி மறுக்காதே, இதை நான் வாங்கவேண்டும். அவர் சொன்ன விலை நியாயமானது. மேலே எழுதிய குறை ஏதாவது தெரிந்தால் மட்டும் பேசு, இல்லாவிட்டால் பேரம் பேசவேண்டாம். முப்பது வருடமாக வைத்திருந்ததைப் பிரிகிற மனிதர்.

வாங்கியபிறகு அனுப்பிவைக்கப் பார்க்காதே. டிசம்பரில் நீங்கள் வரும்போது கொண்டுவந்தால் போதும், அதுவரை உன்னிடமே இருக்கட்டும். உனக்கு ஒரு வேலையும் தருகிறேன். அதை எடுத்து வாசி. பள்ளி முடியும்வரை அம்மாவிடம் வீணை கற்றவள் நீ. ஒன்பதாம் வகுப்பில் நீ வாசித்த தோடி வர்ணம் எனக்கு மறக்கவில்லை. மீட்டும் கை வேறு, பிடிக்கும் முறை வேறு, கம்பிகளின் சுருதியும் வேறுதான். ஆனால் கம்பியை இழுத்து ஸ்வரத்தைத் தேடத் தெரிந்த விரல் உன்னுடையது. நடுவில் உள்ள இரண்டு கம்பிகளை ஷட்ஜ பஞ்சமமாக வைத்துக்கொண்டு, பீசோவை மட்டும் திறந்து, மெதுவாக ஸரளி வரிசையிலிருந்து தொடங்கு. குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். கை வலித்தால் நிறுத்திவிடு. டிசம்பரில் வந்து எனக்குச் சொல், எந்த இடத்தில் அது வீணைபோல் நடந்துகொள்கிறது, எந்த இடத்தில் மறுக்கிறது என்று. எனக்கு வீணை வாசிக்க வராது. அதனால் இதை உன்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ளமுடியும்.

விமானத்தில் கொண்டுவரும்போது பேட்டரியைக் கழற்றிவிடு. கம்பிகளை முழுதாகத் தளர்த்தவேண்டாம், ஒரு ஸ்வரம் இறக்கினால் போதும். குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தால் உடனே பெட்டியைத் திறக்காதே. சில மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும்.

சனிக்கிழமை போவதாக இருந்தால் அவருக்கு முன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவிடு. அங்கே சந்தேகம் வந்தால் அங்கிருந்தே கூப்பிடு, இங்கு எந்த நேரமானாலும் எடுப்பேன். மாப்பிள்ளை வண்டி ஓட்டுவதாக இருந்தால் அவருக்கு என் நன்றியைச் சொல்.

ஆசிகளுடன்,
அப்பா

பி.கு.: புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் கிட்டாருக்கான ஸ்டீரியோ கேபிள் ஒன்றும் நீயே வாங்கிக்கொண்டு போ. பேட்டரி தீர்ந்திருந்தால் பீசோ பேசாது. அதைப் பழுது என்று நினைத்துத் திரும்பி வந்துவிடாதே.